உப்புநீர் மீன்தொட்டியை இடம் பெயர்த்தல்

கல்லூரிகளிற் புதிய கட்டடங்கள் எழுங்கால் பலகைகளும் புத்தகங்களும் இடம் பெயர்வது போலவே, விலங்கியற் கூடத்துக் கடல்மீன் தொட்டியும் ஒரு நாள் இடம் பெயர வேண்டியதாகிறது. வீடு மாறும் அன்பர்கள் சிலருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. தொட்டியைக் கொண்டுசென்ற அன்று மீன்கள் நலமாகவே நீந்தும்; நீரும் தெளிந்திருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவை இரை கொள்ளாது நீர்ப்பரப்பை அடுத்து நின்று செவுள்களை விரைந்து அசைக்கத் தொடங்கும். பின்னர் ஒவ்வொன்றாய் மடியும். வழியிற் பட்ட அதிர்ச்சியே காரணம் என்று பலரும் எண்ணி அமைகின்றனர். அதிர்ச்சியும் ஒரு காரணமே. எனினும் பெரும்பாலும் மீன்களைக் கொல்வது அவை வந்து சேர்ந்த தொட்டியின் நீரேயாம். அஃது எவ்வாறு என்பதையும், அதனைத் தடுக்கும் வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

மீன் தான் உண்ட புரதத்தின் கழிவைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளிவிடுகிறது. பரந்த கடலில் அது பொருட்டன்று. 200 லிட்டர் கொள்ளும் தொட்டியில் அதுவே நஞ்சாகும். இரசாயனக் கூடத்தில் நவச்சாரத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துத் தேய்த்த மாணவர், மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதை அறிவர். நவச்சாரம் தனித்திருக்கும்போது அந்நெடி இல்லை. சுண்ணாம்பின் காரம் சேர்ந்தவுடன் அடங்கியிருந்த அம்மோனியா வாயுவாய் விடுபடுகிறது. தொட்டியில் நிகழ்வதும் இதுவே. நடுநிலையான நன்னீரில் அம்மோனியாவின் மிகப் பெரும்பகுதி தீங்கு குறைந்த உப்பு வடிவில் அடங்கிக் கிடக்கும். கடல்நீரோ இயல்பாகவே காரமுடையது, அதன் பி.எச். அளவு 8.2 ஐ ஒட்டியது. ஆதலின், ஒரே அளவு கழிவு சேர்ந்தாலும், கடல்நீரில் நஞ்சாகும் பங்கு நடுநிலை நன்னீரிற் காண்பதைப்போற் பத்து மடங்குக்கும் மேற்படும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர் கடல்மீன் தொட்டியில் இடர்ப்படுவதற்கு இஃதொரு காரணம்.

இந்நஞ்சை நாள்தோறும் அழித்து மீன்களைக் காப்பவை கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களாம். 1877 ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயொன்றின் வழியே சாக்கடை நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாள்வரை அம்மோனியா மாறாமலே வெளிவந்தது; பின்னரே அது நைட்ரேட்டாக மாறி வரலாயிற்று. குளோரோபாரத்தின் ஆவியைக் குழாயினுட் செலுத்தியபோது அம்மாற்றம் நின்றுபோயிற்று. எனவே, மாற்றத்தைச் செய்பவை உயிருள்ள பொருள்களே என்று அவர்கள் துணிந்தனர். 1890 இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய கடல்மீன் தொட்டியை அமைப்போர் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்து மீன் விடுவதும் இவை மெல்லப் பெருகும் இயல்பின என்பதனாலேயே.

இவ்வுயிர்கள் வாழும் இடம் எது என்பதே இடம் பெயர்ப்போர் முதலில் உணரத்தக்கது. நீரில் மிதப்பவை மிகச் சில. கல்லிலும் மணலிலும் வடிகருவியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவையே பெரும்பாலன. இதனை அறியாதார் பழைய நீரைத் துளியும் சிந்தாது குடங்களிற் சுமந்து சென்று, கற்களைக் குழாய் நீரிற் கழுவி வெயிலில் உலர்த்தி வைப்பர். காக்கவேண்டியதை அழித்துவிட்டு விடத்தக்கதைக் காத்தவராவர். பழைய நீரிற் பாதியேனும் கொண்டுசெல்வது நன்றே. ஆனால் அதன் பயன் உப்பின் அளவும் உஷ்ணமும் திடீரென மாறாதிருப்பது மட்டுமே.

கற்களைத் தொட்டி நீரிலேயே முழுதும் மூழ்குமாறு மூடியுள்ள வாளிகளில் வைத்து, நெடுநேரம் ஆகுமெனின் காற்றுக் குமிழிகளும் செலுத்துதல் வேண்டும். அக்கல்லில் வாழும் கடற்பஞ்சுகள் காற்றுப்பட்டாற் பிழைத்தல் அரிது; அவை அழுகினால் அதுவும் அம்மோனியாவே. வடிகருவியை நீரோடு மூடியபடியே சில மணி நேரம் நிறுத்தி வைப்பதும் தவறு. உள்ளிருக்கும் பிராணவாயு தீர்ந்தபின் பாக்டீரியாக்கள் நலிகின்றன. மீண்டும் ஓட்டும்போது அந்த அழுக்கு நீர் முழுதும் தொட்டியிற் பாய்கிறது. பஞ்சை எடுத்துத் திறந்த வாளியில் தொட்டி நீரிலிட்டுக் கொண்டுபோவதே தக்கது. இழந்த கல்லுக்கு ஈடாக மன்னார் வளைகுடாவிற் பவளக்கல் பெயர்த்து வரலாம் என்றும் எவரும் எண்ணற்க. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிற் பவளங்கள் 2001 இல் சேர்க்கப்பட்டுள்ளன.

மணலின் செய்தி வேறு. விரற்கடைக்கு மேற்பட்ட ஆழத்திற் பிராணவாயு எட்டாத இடங்களில் அழுகிய முட்டையின் நாற்றமுடைய கந்தக வாயு தங்கியிருக்கும். மணலைக் கிளறினால் அது மேலெழுந்து மீன்களை ஒரே நாளில் மாய்க்கவல்லது. ஆகையால் மீன்களை முன்னதாகவே எடுத்துவிட்டு, மணலைக் கடல்நீரிற் பன்முறை அலசி, அழுக்கு நீங்கிய பின்னரே மீளவும் இடுதல் நலம். பழைய மணலை அவ்வாறு அலசுவதிற் சில பாக்டீரியாக்கள் போகும். கல் காக்கப்பட்டிருந்தால் அவ்விழப்பு பெரிதன்று.

மீன்களுக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு நாளேனும் இரையிடாதிருப்பது நன்று. பட்டினியால் அவற்றுக்குத் தீங்கில்லை. பையிலே கழிவு குறையும். வெதுவெதுப்பூட்டும் கருவியை நிறுத்திச் சிறிது நேரம் ஆறவிட்ட பின்னரே நீரை இறைக்க வேண்டும். சூடான கருவி காற்றுப்பட்டால் வெடிக்கும். நீர் கால்பங்காகக் குறைந்தபின் மீன்களைப் பிடித்தல் எளிது. வலையிலும் சிறு பாத்திரத்தால் மொண்டெடுப்பதே மேல். வலை மீனின் மேலுள்ள வழவழப்பைச் சிதைக்கும். அப்படலம் நோய் புகாது காப்பதோடு, உடலின் உப்புநீர்ச் சமனிலைக்கும் துணை செய்கிறது. கடல்மீனின் குருதி கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே உடையதாதலின், அதன் உடல்நீர் இடையறாது வெளியேறுகிறது. அதனை ஈடுசெய்யக் கடல்நீரைக் குடித்து, மிகை உப்பைச் செவுளாற் கழித்து அது வாழ்கிறது. தோல் சிதைந்த மீனுக்கு இவ்வுழைப்பு பன்மடங்காகும். பேத்தை மீனை மட்டும் எக்காரணத்தாலும் நீருக்கு வெளியே தூக்கலாகாது. அஞ்சிக் காற்றை விழுங்கிப் புடைத்துவிட்டால் அதனைக் கழிக்க இயலாமல் மடிதலும் உண்டு.

பையிலிருந்து விடும் முறையிலும் ஒரு நுட்பம் உளது. சில மணி நேரப் பயணமாயின் பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, உஷ்ணம் ஒத்தபின் விடுதல் போதும். ஒன்றிரண்டு நாள் மூடிய பையில் வந்த மீனுக்கோ, தொட்டி நீரைத் துளித்துளியாகச் சேர்த்து நெடுநேரம் பழக்குவது கேடாய் முடிகிறது. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு நீரின் காரத்தைக் குறைத்திருக்கும்; சேர்ந்த அம்மோனியாவும் அதனால் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேற, காரம் ஏறி, அடங்கிய நஞ்சு விழித்துக்கொள்ளும். முன் கூறிய நவச்சாரமும் சுண்ணாம்பும் இங்கும் வந்து நிற்பதைக் காண்க. ஆகவே, அனுப்பியவரிடம் உப்பின் அளவைக் கேட்டறிந்து, அதற்கொத்த நீரை முன்னரே அமைத்து, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுவதே முறை.

புதிய நீரை முதல் நாளே கலந்து காற்றூட்டி வைத்தல் வேண்டும். 25 பாகை உஷ்ணத்தில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025 ஆக இருக்கலாம். நகரக் குழாய் நீரின் குளோரினை, புகைப்படக்காரர் ‘ஹைப்போ’ என்னும் சோடியம் தயோசல்பேட்டால் நீக்கலாம். கடற்கரையூரினர் கடல்நீரையே கொள்வராயின், மழைக்குப்பின் ஆற்றுமுகத்தருகே எடாதிருப்பாராக.

மீன்களை விட்டபின் முதல் நாள் விளக்கேற்றாதிருத்தல் நன்று. கற்கள் இடம் மாறியதால் பழைய எல்லைகள் அழிந்து, வலிய மீன் மெலியதைத் துரத்தும். ஆதலின் அஞ்சும் இயல்புள்ளவற்றை முதலில் விடுக. இரண்டு மூன்று வாரம் இரையைப் பாதியாக்கி, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதித்து, சிறிது தென்பட்டாலும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. நீர்ப்பரப்பு நன்கு கலங்குமாறு காற்றூட்டுக. கடல்நீர் கொள்ளும் பிராணவாயு நன்னீரிலும் ஐந்திலொரு பங்கு குறைவு. ஆவியாகிக் குறைந்த நீருக்கு நன்னீரையே ஊற்றுக, உப்பு ஆவியாவதில்லை.

இக்காலத்தில் வெண்புள்ளி நோயையும் எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். கிரிப்டோகேரியான் என்னும் ஓரணு உயிரால் விளைவது அது. நலிந்த மீனைத் தேடிப் பற்றும். சில நாளிற் புள்ளிகள் மறைவது கண்டு நோய் தீர்ந்ததென்று மகிழ்பவர் பலர். அவ்வுயிர் மீனைவிட்டு மணலில் இறங்கி, கூடுகட்டிப் பெருகிக்கொண்டிருக்கும். சின்னாள் கழித்துப் பன்மடங்காய் மீளும். மருந்தாகிய செம்பு உப்பைத் தனித்தொட்டியில் மீனை வைத்தே இடுக. கல்லும் மணலும் உள்ள தொட்டியில் இட்டால் அவை செம்பை உறிஞ்சிச் சிறிது சிறிதாக வெளிவிடும். பின்னர் இறாலோ நண்டோ கடற்சாமந்தியோ அதில் நெடுநாள் வாழ்தல் அரிது.