பழைய கார் வாங்கும்போது: மெனுவல் கியரா, ஓட்டோ கியரா?

மீண்டும் குடியேறும் குடும்பங்கள் சில, சேமிப்பையும் கடனையும் சேர்த்து ஒரு பழைய கார் வாங்க எண்ணுகின்றன. ஹயர் ஓடலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கடும் மழையில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளியேறலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தயில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

எந்தக் கியர் குறைவாகப் பழுதாகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: பழுதானால் யார், எங்கே, எவ்வளவுக்குத் திருத்துவார்?

மெனுவல் வண்டியில் மலைப்பாதை முதலில் தின்பது கிளச் பிளேட்டைத்தான். ஏற்றத்தில் கிளச்சைப் பாதி மிதித்து நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தேயும். ஆனால் அதைச் சாதாரண கராஜிலேயே மாற்றலாம். வாங்கும் முன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் நின்றால் நல்லது. நிற்காமல் ஓடினால் கிளச் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

ஓட்டோ கியர் என்றாலே கூடாது என்று சொல்வதும் சரியல்ல. பழைய டொயோட்டா கார்களில் உள்ள 4 கியர் ஓட்டோ, எண்ணெய் காலத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் நன்றாக உழைக்கும். கூடுதல் கவனம் வேண்டியது சீ.வீ.டீ. வகைக்கு. ஜப்பானிலிருந்து வந்த வெகன் ஆர் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. இதில் ஓர் உருக்குப் பட்டி இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும். பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறினால் எண்ணெய் சூடாகும். வேறு எண்ணெய் ஊற்றியிருந்தால் பட்டி கெடும். கெட்டால் பெரும்பாலும் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். கடன் முடியுமுன் அப்படி ஒரு செலவு வந்தால் குடும்பம் தாங்காது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கை மாறின. ஆகவே மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பாமல், கியர் எண்ணெய் மாற்றிய பில்லைக் கேளுங்கள். ஓட்டோ வண்டிக்கு அந்தப் பில் இல்லையென்றால் விட்டுவிடுவதே என் ஆலோசனை.

விற்பவரின் முற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது போதாது. நான்கு பேரை ஏற்றிக் கொஸ்லந்தையிலிருந்து பெரகலைப் பக்கம் ஏறிப் பாருங்கள். இன்ஜின் அலறியும் வேகம் கூடாவிட்டால், டீயில் போட்டபின் வண்டி தாமதித்து உதறினால், வாங்காதீர்கள். வெல்லவாய பக்கம் இறங்கும்போது மெனுவலானால் சிறிய கியரிலும், ஓட்டோவானால் எல் அல்லது பீயிலும் இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது அப்படித்தான்.

பற்றரி பலம் குறைந்த மெனுவல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஓட்டோவை முடியாது. எந்த வண்டியானாலும், மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தபின் அது ஸ்டார்ட் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு நடந்தே வெளியேறுங்கள்.