கதிர் வருமுன் எலியைப் பிடியுங்கள்
கார்த்திகை மாதச் சம்பா ஆலோசனை

சம்பா பொதிக்கு வரும் நேரம் இது. ஆவணியில் விதைத்த நெல் தூர் கட்டி முடித்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வாரங்களில் கதிர் தொண்டைக்கு வரும். உரம் போட்டு, களை எடுத்து, மழை வெள்ளத்தை வடித்து இதுவரை காப்பாற்றிய பயிரை இனி அறுவடை வரை எலியிடமிருந்து காக்க வேண்டும். அந்த வேலையை மார்கழிக்குத் தள்ளாமல் இந்த வாரமே தொடங்குங்கள். தனியாகச் செய்யாமல், அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்போதே ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. தூர் கட்டும் பருவத்தில் எலி வெட்டினால் பயிர் பக்கத்தூர் விட்டு ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பொதி கட்டிய பிறகு வெட்டினால் அந்தத் தூரின் கதிர் போனது போனதுதான்.

இரண்டாவது, எலியின் பெருக்கம் நெல்லின் வளர்ச்சியோடு ஒட்டியே நடக்கிறது. பொதிக்குள் இருக்கும் இளங்கதிர்தான் பெட்டை எலிக்கு ஊட்டமான தீனி. அது கிடைக்கத் தொடங்கியதும் சினைப்படும். சினைக்காலம் மூன்று வாரத்தை ஒட்டியது. ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டிகள் சாதாரணம். பொதிக்கு முன்னால் ஒரு பெட்டையைப் பிடித்தால், அறுப்புக்குள் அது போடக்கூடிய ஈற்றுகளையும் சேர்த்தே தடுத்தவர் ஆகிறீர்கள்.

மூன்றாவது தண்ணீர். வயலில் தண்ணீர் நிற்கும்வரை எலிக்கு வளை தோண்ட வரப்பும், வாய்க்கால் கரையும், மேட்டுத் திடலும்தான் இடம். அதனால் எலிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. அறுவடைக்காகத் தண்ணீரை வடித்த பின் அவை வயலின் நடுவிலேயே வளை போட்டுவிடும். முற்றிய பயிருக்குள் இறங்கி அவற்றைத் தேடவும் முடியாது.

எலிதானா என்று பாருங்கள்

வரப்பில் நின்று பார்த்தால் சேதம் பெரும்பாலும் தெரியாது. எலி ஓரத்துப் பயிரை விட்டுவிட்டு உள்ளே போய் வெட்டும். வயலுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கத்தியால் சீவியதுபோல் தூர் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தால் அது எலி. குருத்துப்பூச்சி தாக்கிய தூர் வெட்டுப்படாது. நின்றபடியே காயும், இழுத்தால் கையோடு வரும். நண்டு பெரும்பாலும் இளநாற்றைத்தான் கத்தரிக்கும்.

நம் நெல் வயல்களில் அதிகச் சேதம் செய்வது கரம்பை எலி. கனத்த உடம்பும் மழுங்கிய மூக்கும் உடையது. வளை வாயில் புது மண்ணைக் குவித்து உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். கதிர்களை இழுத்துச் சென்று வளைக்குள் சேமிப்பதும் இதுதான். புல் எலியும் வயல் சுண்டெலியும் இதைவிடச் சிறியவை. அவற்றின் வளை வாயும் சிறியது.

முதல் இரண்டு நாள்: வளைக் கணக்கு

நாள் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அவரவர் வரப்பிலும் பொது வாய்க்கால் கரையிலும் கண்ணில் பட்ட எல்லா வளைகளையும் சேறு வைத்து அடையுங்கள். மறுநாள் காலை திறந்திருக்கும் வளைகளே எலி குடியிருக்கும் வளைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நடுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் வைக்கும் பொறியும் மருந்தும் பாதிக்குமேல் வீண்.

வரப்பில் மண்டிய அருகையும் கோரையையும் செதுக்கிவிடுங்கள். ஒளிய இடமில்லாத வரப்பில் எலி தங்காது. கூகையின் கண்ணுக்கும் எளிதில் தப்பாது.

கிட்டி வையுங்கள்

இந்தப் பருவத்தில் வரப்புக்கு ஏற்ற முதல் வழி கிட்டிதான். மூங்கிலை வில்லாக வளைத்து நாணேற்றிய தஞ்சாவூர் கிட்டி மலிவானது, விஷமில்லாதது, ஆண்டுக்கணக்கில் உழைப்பது. பொழுது சாயும் நேரத்தில் குச்சி நட்ட வளைகளின் அருகிலும், சேற்றில் கால்தடம் பதிந்த எலிப்பாதையிலும் வையுங்கள். பொரி, வறுத்த அரிசி மாவு, தேங்காய்ச் சில்லு, கருவாடு இவற்றில் எதற்கு எலி வருகிறது என்று முதல் இரவிலேயே தெரிந்துவிடும். விடிந்ததும் எல்லாக் கிட்டியையும் எடுத்துவிடுங்கள். பகலில் விட்டுவைத்தால் பறவையும் கீரியும் மாட்டும்.

ஊரில் கிட்டி வைக்கத் தெரிந்தவர் இருந்தால் அவரையே அழைத்து, பிடித்த எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசுங்கள். எலித்தடம் பார்த்து இடம் தேர்வது பழக்கத்தில் வரும் திறமை. அதற்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். மூன்று நான்கு இரவு தொடர்ந்து வைத்து, மீண்டும் வளை அடைத்துப் பார்த்து, திறந்த இடத்தில் மட்டும் திரும்ப வையுங்கள்.

எங்கே தோண்டலாம், எங்கே கூடாது

பயிர் நிற்கும்போது வயல் வரப்பைத் தோண்டாதீர்கள். பொதிக்கு வரும் பயிருக்கு வேண்டிய தண்ணீர் வடிந்துவிடும். வாய்க்கால் கரையையும் ஆற்றங்கரையையும் எக்காரணம் கொண்டும் தோண்டாதீர்கள். அடுத்த மழையில் உடைப்பு எடுக்கும். மேட்டுத் திடல், தரிசு, களத்துமேடு ஆகிய இடங்களில் தோண்டலாம். கரம்பை எலியின் வளையில் அவசரத்துக்கு ஓடுவதற்கென்று மெல்லிய மண் மூடிய இன்னொரு வாய் இருக்கும். அதை முதலில் கண்டுபிடித்து வலை அல்லது கூடையால் மூடிவிட்டுத் தோண்டுங்கள்.

செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களில் இந்த வேலையில் இருளர்களுக்கு ஈடில்லை. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லிவிடுவார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் சமூகத்தின் அறிவுக்குக் கிடைத்த பொது மரியாதை அது. அவர்களை வேலைக்கு அழைக்கும்போது கூலியை முன்பே பேசுங்கள். வளைக்குள் கிடைக்கும் நெல்லையும் எலியையும் அவர்கள் எடுத்துக்கொள்வது பழைய வழக்கம், அதை மதியுங்கள். சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதிப் புகை போடுவது நுரையீரலைக் கெடுக்கும், உதட்டைச் சுடும். கையால் சுற்றும் புகைக்கருவி இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். குழந்தைகளை இந்த வேலையில் விடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எலியை உணவாக எடுத்துச் செல்பவர்கள் வேலை செய்யும் வயலிலோ பக்கத்து வயலிலோ விஷம் வைக்கவே கூடாது. ஏற்கெனவே வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விஷம் கடைசி வழி

கிட்டிக்கு அடங்காத அளவு எலி இருந்தால் மட்டும் மருந்துக்குப் போங்கள். துத்தநாக பாஸ்பைடு என்றால் முதல் இரண்டு மூன்று நாள் மருந்து கலக்காத பொரியரிசியை எண்ணெயில் பிசறி வைத்துப் பழக்குங்கள். பிறகு 960 கிராம் பொரியரிசி அல்லது குருணை, 20 கிராம் எண்ணெய், 20 கிராம் மருந்து என்ற அளவில், குச்சியால் கிளறிக் கலக்குங்கள். கையால் தொடாதீர்கள். தண்ணீர் படக்கூடாது, ஈரம் பட்டால் விஷவாயு கிளம்பும். 10 கிராம் அளவு காகிதப் பொட்டலமாக மடித்துக் குச்சி நட்ட வளைக்குள் தள்ளி வாயை மூடுங்கள். வரப்பில் தூவுவது பெருந்தவறு. மயிலும், கோழியும், மேய்ச்சல் வாத்தும் தின்று சாகும்.

அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையைப் பிறகு தொடாது. ஆகவே துத்தநாக பாஸ்பைடு போகத்துக்கு ஒருமுறை போதும். அதன்பின்னும் தேவைப்பட்டால் 0.005 சதவீத புரோமடையோலோன் கட்டியை வளைக்கு 15 கிராம் வீதம் உள்ளே வையுங்கள். இதைத் தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். அதுவரை அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் ஆபத்து. செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டைத் தமிழ்நாட்டு அரசு தடை செய்திருக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டியது. துத்தநாக பாஸ்பைடுக்கும் முறிமருந்து கிடையாது. வாங்கியதில் மிச்சம் இருந்தால் வீட்டுக்குள் வைக்காமல், பூட்டிய பெட்டியில், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது தெரிந்தோ தெரியாமலோ உட்கொண்டுவிட்டால் கைவைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 108க்கு அழைத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மின்கம்பி வேண்டவே வேண்டாம்

எலிக்கென்று வயலைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் சில ஊர்களில் பரவியிருக்கிறது. ஈர வயலில் அந்தக் கம்பி எலியையும் மனிதனையும் வேறுபடுத்தாது. தண்ணீர் பாய்ச்ச வந்தவர், இரவில் வரப்பில் நடந்தவர், கம்பி கட்டியவரே கூட என்று உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இது சட்டப்படி குற்றம். உயிர் போனால் மரணம் விளைவித்த குற்றத்துக்கும் வழக்கு வரும். உங்கள் ஊரில் யாராவது கட்டியிருந்தால் இன்றே பேசி அகற்றச் செய்யுங்கள்.

கூகைக்கு இடம் கொடுங்கள்

கூகை, சாரை, கீரி மூன்றும் கூலி கேட்காமல் எலி பிடிப்பவை. பயிருக்கு மேலே இரண்டு மூன்றடி உயரம் நிற்கும்படி, மேலே குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடுங்கள். இரவில் கூகையும் ஆந்தையும் உட்கார்ந்து வேட்டையாடும். நெல் பால் பிடிக்கும்போது இந்தக் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் குருவியும் கிளியும் அமர்ந்து மணியைக் கொத்தும். கூகை அலறினால் ஆகாது என்று சொல்லிக் கல்லெறிவதை விடுங்கள்.

எலி வேட்டையின் பேரில் முயல், உடும்பு, கீரி, நரி, சாரை எதையும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வளையில் பாம்பு இருந்தால் மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் உடம்பு

வளைக்குள் வெறுங்கையை விடாதீர்கள். எலி வளை நல்லபாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் வீடு. இருட்டில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். காலில் புண், வெடிப்பு இருந்தால் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள். எலியைக் கையுறையோடு தொட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, வயலில் எலி பிடித்ததையும் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே வந்தால் எளிதில் குணமாகும்.

அறுவடைக்குப் பிறகு

தை அறுவடை முடிந்ததும் வரப்பு வளைகளைத் தோண்டி அழிக்கலாம். பங்குனி, சித்திரையில் கோடை உழவு செய்யும்போது வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குள் சீர்செய்யுங்கள். ஒல்லியான வரப்பில் கரம்பை எலி வளை போட முடியாது. அடுத்த போகத்தில் ஊரில் எல்லோரும் இரண்டு வாரத்துக்குள் நடவை முடிக்கப் பாருங்கள். முன்னும் பின்னுமாக நட்டால் ஒரு வயலின் கதிர் தீர்ந்ததும் எலி அடுத்த வயலுக்குப் போய் மாதக்கணக்கில் இடைவிடாமல் பெருகும்.

ஒருவர் மட்டும் தன் வரப்பைச் சுத்தம் செய்தால் பக்கத்து வரப்பு எலி சில நாளில் அங்கே குடியேறிவிடும். அதனால் இந்த வாரம் உங்கள் மடைக்காரர்கள் எல்லோரையும் ஒரு மாலை உட்கார வைத்து நாள் குறியுங்கள். உதவி வேளாண்மை அலுவலரையும் அழையுங்கள். குத்தகைக்காரர், வெளியூரில் இருக்கும் நிலக்காரர், கோயில் நிலம் பார்ப்பவர் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். வளை அடைப்பதும் கிட்டி வைப்பதும் ஊர் முழுக்க ஒரே நாளில் நடக்கட்டும்.