நெட் தீர்ந்தாலும் கோப்பு வந்து சேரும்

நாளை காலை சான்றிதழ் சரிபார்ப்பு. வருமானச் சான்றிதழின் பிடிஎஃப் வீட்டுக் கணினியில் இருக்கிறது, செல்பேசியில் இல்லை. கேபிளைத் தேடி எடுத்தால், அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம். டேட்டாவும் தீர்ந்துவிட்டது. என்ன செய்வீங்க?

திரையை போட்டோ எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. அதை மட்டும் செய்யாதீங்க. டிஜிட்டல் கையொப்பம் அசல் பிடிஎஃப் கோப்பில்தான் இருக்கும், படத்தில் வராது.

வைஃபை வேறு, இணையம் வேறு. இணைய இணைப்பு நின்றிருந்தாலும், ஒரே ரூட்டரில் இருக்கும் கணினியும் செல்பேசியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியும். இதற்கு லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி உதவும். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் உண்டு. நெட் இருக்கும்போதே இரண்டிலும் நிறுவி வையுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

இரண்டிலும் செயலியைத் திறந்து வையுங்கள். கணினியில் 'சென்ட்' பகுதியில் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், கீழே உங்கள் செல்பேசி தெரியும். பெயர் ஏதோ பழத்தின் பெயராக இருக்கும், குழம்ப வேண்டாம். செயலியே வைத்த பெயர் அது. அதைத் தொட்டு, செல்பேசியில் 'அக்செப்ட்' கொடுத்தால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டில் வழக்கமாக 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் பாருங்கள்.

செல்பேசியே தெரியவில்லையா? பெரும்பாலும் கணினியின் ஃபயர்வால்தான் தடுக்கும். முதல்முறை அனுமதி கேட்கும்போது 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதை அனுமதிக்க வேண்டும். ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலும் தெரியாது.

வீட்டில் ரூட்டரே இல்லை என்றாலும் கவலை இல்லை. செல்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதில் இணையுங்கள். கோப்பு மாற்ற டேட்டா செலவாகாது. ஆனால் டேட்டா மிச்சம் இருந்தால், சத்தமில்லாமல் விண்டோஸ் அப்டேட் அதைக் குடித்துவிடும்! ஆண்ட்ராய்டு செல்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

'குவிக் சேவ்' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் யார் அனுப்பினாலும் கேட்காமலே கோப்பு இறங்கிவிடும். அணைத்தே வையுங்கள், முக்கியமாக விடுதி, கடை வைஃபையில் இருக்கும்போது. பிரவுசிங் சென்டர் கணினியில் ஆதார் நகலை இறக்கியிருந்தால், செல்பேசிக்கு வந்ததும் அங்கே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.