மேலே பளபளப்பு, கீழே துருவா?

பெங்களூரின் ஸான் மோட்டார்ஸ் விற்ற 'ஸ்டார்ம்' போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு: ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, அடியில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும். மழைக்கு முன் கவனியுங்கள்.

1. ஜாக்கில் தூக்கியதும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக் திடீரென இறங்கும், செங்கல் வைத்தால் நொறுங்கும்.

2. அடிப்பாகத்தைக் கழுவி, காய்ந்தபின் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கறுப்புத் தார்ப்பூச்சு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்பு அரித்திருக்கலாம். பொத்துப்போன இடத்தை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பட்டி பூசி மறைக்கலாம் என்கிற பட்டறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

3. புதுப்பூச்சு அடிக்கும்போது தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். தேங்கினால் உள்ளிருந்தே துரு கிளம்பும்.

4. சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் வாங்க, பழையதைக் கையோடு பெங்களூர் ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளுக்கு எடுத்துப்போங்கள், இந்தக் கார்களுக்குப் பேரைவிட அளவைச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும். மாட்டிய பின், வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். பல மெக்கானிக்குகள் தவறவிடுவது இதைத்தான். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

5. ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதானால் வண்டி ஒரு பக்கம் ஆடும்.

6. காயில் ஸ்பிரிங்கைக் கம்ப்ரசர் கருவியில்லாமல் கழற்றாதீர்கள். தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

7. கடைசியில் வீல் அலைன்மென்ட். விட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.