பேட்டரி பேக் கட்ட ஸ்பாட் வெல்டர் வாங்குவது எப்படி? மலையூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இருக்கிற அரவேணுவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பேட்டரி இல்லாத வீடு இன்று அபூர்வம். மருந்தடிக்கும் மெஷின், கொழுந்து வெட்டும் கை மெஷின், கரடி நடமாட்டத்துக்காக வாங்கிய பெரிய டார்ச், கரன்ட் போனாலும் வைஃபை ஓடட்டும் என்று வைத்த குட்டி யு.பி.எஸ். என்று ஏதாவது ஒன்று இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் வேலை வரும். அப்போதுதான் பாதிக்கு மேல் சார்ஜ் நிற்கவில்லை என்பது தெரியும்.

மெஷின் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கும் செல்தான் செத்திருக்கும். புதுச் செல் போட்டுத் தானே பேக் கட்டிவிடலாம் என்று யோசிப்பவர் முதலில் தேடுவது ஸ்பாட் வெல்டர். ஆன்லைனில் தேடினால் நூறு மெஷின் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் வாட் கணக்கும் ‘கியர்’ கணக்கும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மலையூரில் இருப்பவர் அவற்றுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மெஷினுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

சால்டரிங் அயர்ன் போதாதா?

போதாது. அயர்னின் முனை 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். லித்தியம் செல்லுக்குள் இரு துருவங்களையும் பிரிக்கும் மெல்லிய பாலித்தீன் தாள் சுமார் 130 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். செல்லின் தலையில் ஈயம் பிடிக்கும்வரை அயர்னை வைத்திருந்தால் அந்தச் சூடு உள்ளே இறங்கும், நேர்முனையைச் சுற்றியுள்ள சீலையும் கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கோளாறு சில மாதம் கழித்து வரும்.

ஸ்பாட் வெல்டிங்கில் சூடு சில மில்லி நொடிதான். செம்பு முனைகள் இரண்டை, செல்களை இணைக்கும் நிக்கல் பட்டைமேல் அழுத்தி, ஆயிரம் ஆம்பியர் அளவில் கரன்ட் பாய்ச்சினால், பட்டையும் செல்லும் தொடுகிற இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். எலிஹு தாம்சன் 1880-களில் காப்புரிமை பெற்ற மின்தடை வெல்டிங்கின் அதே தத்துவம்தான்.

படி 1: என்ன பேக் கட்டப் போகிறீர்கள்?

மெஷினுக்கு முன்னால் பேக்கை முடிவு செய்யுங்கள். டார்ச்சுக்கும் வைஃபை யு.பி.எஸ்.ஸுக்கும் 18650 என்ற லித்தியம் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6 வோல்ட். மருந்தடிக்கும் மெஷினில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருந்த இடத்துக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கு பொருந்தும். அது 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6 வோல்ட். இந்த வகை செல் சூட்டைச் சற்று அதிகம் தாங்கும். தோட்டத்து வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். பழைய சார்ஜரை அப்படியே மாட்டக் கூடாது, 14.6 வோல்ட்டுக்கான லித்தியம் சார்ஜர் வேண்டும்.

இங்கே ஒரு சேதி. சோலார் தெருவிளக்குகளில் வரும் 32700 என்ற பருமனான பாஸ்பேட் செல் ஸ்க்ரூ முனையோடும் கிடைக்கிறது. பட்டையை வைத்து நட்டை முறுக்கினால் முடிந்தது. ஒரே ஒரு மருந்து மெஷினுக்காக யோசிப்பவர் வெல்டரே வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல செல் வாங்குங்கள். மாதம் நாலு பேராவது பேட்டரி கொண்டுவருவார்கள், கடைபோல நடத்தலாம் என்பவருக்குத்தான் மேற்கொண்டு படிப்பதில் பயன்.

படி 2: பட்டையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெல்டரின் பலம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது நிக்கல் பட்டையின் கனம். 0.1, 0.15, 0.2 மில்லிமீட்டர் கனங்களில் வருகிறது. வீட்டு வேலைக்கு 0.15 கனம், 8 மில்லிமீட்டர் அகலம் போதும். சுத்த நிக்கலில் அந்தப் பட்டையின் 10 செ.மீ. நீளத்துக்கு மின்தடை சுமார் 6 மில்லி ஓம். ஐந்து ஆம்பியர் போகும்போது சூடு தெரியாது. பத்து போனால் அரை வாட்டுக்கு மேல் வெப்பமாகும், அப்போது பட்டையை இரட்டிக்க வேண்டும்.

கடையில் ‘நிக்கல்’ என்று கொடுப்பதில் பல, நிக்கல் முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ஒரு துண்டை அரத்தால் கீறி, உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். கீறலில் துரு வந்தால் இரும்பு. நம் பனிமூட்டத்துக்கும் ஈரத்துக்கும் அந்தப் பட்டை பேக்குக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

இதில் வியாபாரிகளின் சாமர்த்தியம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. இரும்புக்கு மின்தடை அதிகம், எனவே சுலபமாகச் சூடாகி ஒட்டும். ‘0.2 மில்லிமீட்டர் வரை வெல்ட் செய்யும்’ என்ற விளம்பரம் பல நேரம் முலாம் பூசிய இரும்பை வைத்துச் சொல்வது. சுத்த நிக்கலில் அதே மெஷின் 0.1-லேயே திணறும். செம்புப் பட்டை கரன்ட்டை நன்றாகக் கடத்துவதால் சூடே ஏறாது. புதிதாகப் பழகுபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 3: மெஷினுக்குச் சோறு எங்கே?

ஒரு வெல்டுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு வோல்ட், ஆயிரம் ஆம்பியர், பத்து மில்லி நொடி: பெருக்கினால் 20 ஜூல். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு இரண்டே நொடியில் தின்கிற சக்தி. ஆனால் அதை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கொட்ட வேண்டும். அந்தக் கணத்தில் பட்டையின் மேல் மட்டும் 2 கிலோவாட் நிற்கிறது. வயரிலும் முனையிலும் போகும் நட்டம் தனி. மெஷின்களுக்குள் இருக்கும் வித்தியாசமெல்லாம் இந்த அவசரத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் வகை மெஷின் அந்தச் சுமையை நேரே வீட்டு லைனிலிருந்து இழுக்கும். சுங்கோ பெயரில் வரும் மேசை மெஷின்களில் பல இந்த வகை. கோவையில் ஒரு பட்டறையில் இது கம்பீரமாக ஓடும். லைனின் கடைக்கோடியில், எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பிறகு இணைப்பு வாங்கியிருக்கும் வீட்டில் கதை வேறு. மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் போட்டதும் 230 வோல்ட் 180-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்பதால், மெஷின் தருவது 61 சதவீதம்தான். காலையில் சரியாகப் பிடித்த அதே செட்டிங் மாலையில் ஒட்டாது. மாலையில் கூட்டி வைத்ததை மறந்து காலையில் அடித்தால் செல்லில் ஓட்டை விழும். ஸ்டெபிலைசர் உதவாது, பத்து மில்லி நொடிக்குள் அதனால் திருத்த முடியாது. போதாக்குறைக்கு எம்.சி.பி. ட்ரிப் ஆகும்.

மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சுகளைக் கொண்ட போர்டு வகை மலிவானது. போர்டை மட்டும் வாங்கி, 12 வோல்ட் கார் பேட்டரியில் மாட்டுவது. கரன்ட் போனாலும் வேலை நடக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் உள்தடை ஏறும், வெல்ட் பலம் குறையும். வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவது உத்தமம். பெரிய ஆபத்து வேறொன்று: மலிவு போர்டில் மாஸ்ஃபெட் எரிந்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி நிற்கும். ட்ரிகரை விட்டாலும் கரன்ட் நிற்காது, முனை செல்லோடு ஒட்டிக்கொண்டு வயர் பழுக்கும். ஃப்யூஸ் இல்லாத போர்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன், ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பின் இரு வயரை இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். ட்ரிகரைத் தொடாமலே பல்பு எரிந்தால் போர்டு செத்துவிட்டது, பேட்டரியைக் கழற்றுங்கள்.

கையடக்க மெஷின் உள்ளே குட்டி பேட்டரியோடு வரும். 0.1 பட்டை, டார்ச், பொம்மை, அவ்வளவுதான் இதன் எல்லை. தொடர்ந்து வெல்ட் செய்தால் பலம் இறங்குவதைக் கையிலேயே உணரலாம்.

கெபாசிட்டர் வகையைத்தான் நான் மலைக்குச் சிபாரிசு செய்வேன். லைனிலிருந்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, குறித்த வோல்ட்டேஜ் வந்தபின் ஒரேயடியாகக் கொட்டும். லோ வோல்ட்டேஜ் இருந்தால் சார்ஜ் ஏறச் சில நொடி கூடுதலாகும், வெல்ட் மாறாது. கெபாசிட்டரிலோ பேட்டரியிலோ ஓடக்கூடிய, ஜெர்மனியில் உருவான கேவெல்ட் போன்றவை நேரத்தை விட்டுவிட்டு ஜூல் கணக்கிலேயே அளந்து கொடுக்கின்றன. பேட்டரி சற்று இறங்கினாலும் மெஷின் தானே நேரத்தை நீட்டிக்கொள்ளும். விலை அதிகம், மறுக்கவில்லை. மெஷினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கும் என்பதை மறக்காதீர்கள்.

மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிச் செய்யும் வீடியோக்கள் நிறைய. அந்த அவனுக்குள் இருக்கும் உயர் வோல்ட்டேஜ் ஆளைக் கொல்லும். வேண்டாம்.

படி 4: வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவை. முனைக்குப் போகும் செம்பு வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். நீளமான வயர் வசதிபோலத் தோன்றும், பலத்தை அதுவே தின்றுவிடும். முனைகளைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், ஏனெனில் அவை தேயும். பலத்தைச் சிறு சிறு அளவில் கூட்டிக் குறைக்க வழி வேண்டும். இரட்டைத் துடிப்பு வசதி அவசியம்: முதல் சின்னத் துடிப்பு பட்டையைப் படிய வைக்கும், இரண்டாவதுதான் ஒட்டும். கால் பெடல் உள்ளதாக வாங்குங்கள். முனை பட்டதும் தானே சுடும் ஆட்டோ முறை பழகிய கைக்கு மட்டும்.

படி 5: செல்லைத் தொடுமுன் பழகுங்கள்

முதலில் பட்டைமேல் பட்டை, பிறகு பிஸ்கட் டின் மூடி, அதன் பிறகே முழுக்க இறக்கிய பழைய செல். முனைகளுக்கு நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். இரு கையிலும் ஒரே அழுத்தம். ஒரு பக்கம் லேசாக இருந்தால் அந்தப் பக்கம் பொறி பறக்கும். பட்டையின் நடுவே நீளவாக்கில் பிளவு வெட்டி, பிளவின் இருபுறமும் முனையை வைத்தால், கரன்ட் குறுக்கு வழியில் பட்டையிலேயே ஓடிவிடாமல் செல்லுக்குள் இறங்கி ஏறும்.

சோதனை எளிது. மூக்குக் குறடால் பட்டையைப் பிடித்து உருட்டி உரியுங்கள். வெல்ட் நல்லதென்றால் பட்டை கிழியும்: அதில் இரண்டு ஓட்டை, செல்லின்மேல் இரண்டு நிக்கல் பொட்டு. பட்டை முழுசாகக் கழன்று வந்தால் பலம் போதவில்லை. புள்ளியைச் சுற்றிக் கருநீலம் பெரிதாகப் படர்ந்திருந்தால் பலம் கூடிவிட்டது. எதிர்முனை என்பது செல்லின் தகரக் குப்பியேதான். அங்கே ஓட்டை விழுந்தால் எலக்ட்ரோலைட் கசியும்.

படி 6: முதல் பேக்

செல்களின் வோல்ட்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பக்கம் பக்கமாக இணைக்காதீர்கள். பழைய லேப்டாப் செல்லும் புதுச் செல்லும் ஒரே பேக்கில் கூடாது. செல்லில் பி.ஐ.எஸ். முத்திரையும் ஐ.எஸ். 16046 எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனை. நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும். அதனால் ஒவ்வொரு நேர்முனையிலும் மின்காப்புக்கான பார்லி பேப்பர் வளையம் ஒட்டிய பிறகே பட்டை வையுங்கள். முதலில் பக்க இணைப்பு, பிறகு தொடர் இணைப்பு. செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். போர்டின் வயரை நேரே செல்மேல் சால்டர் செய்யாமல், பட்டையின் வால் பகுதியில் செய்யுங்கள். பேலன்ஸ் வயர்களின் வரிசையை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே பி.எம்.எஸ்.ஸில் செருகுங்கள்.

பாதுகாப்பு

மோதிரம், கைச்செயின், வாட்ச் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மெஷின் அருகே வரக் கூடாது. புதுப் பேக்கை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். தலைகுந்தா, அவலாஞ்சி போல உறைபனி விழும் இடங்களில், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது செல்லைக் கெடுக்கும். செத்த செல் குப்பைக்கோ தேயிலைக் காட்டுக்கோ போகக் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும்.

எதை வாங்கலாம்?

ஒரே ஒரு பேக் என்றால் ஸ்க்ரூ முனை செல். மாதம் சில பேக் என்றால் கெபாசிட்டர் வகை. காசு இடித்தால் ஃப்யூஸ் உள்ள மாஸ்ஃபெட் போர்டும் நல்ல கார் பேட்டரியும், பல்புச் சோதனையோடு. மேசை டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் வாங்க ஆசைப்படுபவர், ஒரு வாரம் மாலை ஆறரைக்கு ப்ளக்கில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டேஜைக் குறித்துப் பாருங்கள். 210-க்குக் கீழே இறங்கினால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். எந்த மெஷினாக இருந்தாலும், ஸ்கூட்டர் பேட்டரி கட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிவிடுங்கள்.