வாய்க்கு மட்டுமா விரதம்?



2026-ஆம் ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வருது. அதிலிருந்து 48 நாளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்க. டிசம்பர் 16-ல போய் நிக்கும். அன்றைக்குத்தான் மார்கழி 1. ஒரு மண்டலம் விரதம் இருக்க நினைக்கிறவங்களுக்கு நாள் அழகாகவே அமைஞ்சிருக்கு. அதனால் இந்த மாதப் பாடத்தை விரதத்தை வைத்தே எழுதுகிறேன். சாப்பாட்டு விஷயத்தை உங்க அம்மா பார்த்துக்குவாங்க. நான் பேசப்போவது நேரத்தைப் பற்றி.

முதலில் என் கதை. 2024 தைப்பூசத்துக்கு நான் முதல்முறையாக 48 நாள் விரதம் இருந்தேன். சைவம், இரண்டு வேளைக் குளியல், தரையில் பாய், முகச்சவரம் கிடையாது. எல்லாம் முறைப்படி. பால்குடம் எடுத்து பத்துமலையின் 272 படியும் ஏறினேன். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. பாட்டிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஒரு நாள் ராத்திரி நான் பாயில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாங்க: "ஏன்டா கண்ணு, வாய்க்கு மட்டுந்தான் விரதமா? கண்ணுக்குக் கிடையாதா?"

சிரித்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தேன்.

அதே ராத்திரி பாட்டி இன்னொரு விஷயமும் சொல்லிக்கொண்டிருந்தாங்க. எங்க வீட்டுச் சாமி மேடையில் ஒரு பித்தளை வேல் இருக்கு, ஒரு முழம்கூட வராது. அது தோட்டத்தில் இருந்த காலத்தில் தாத்தாவுக்கு ஒருத்தர் கொடுத்தது. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று பாட்டி முழுக்கச் சொன்னாங்க. நான் "ம்ம்... ம்ம்..." போட்டேன். எனக்கு நினைவில் இருப்பது "அந்த மனுசன் அழுதுகிட்டே வந்தாரு" என்ற ஒரு வரிதான். மீதி எதுவும் காதில் ஏறவில்லை. நாலு மாதம் கழித்துப் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது பேச்சு சரியாக வருவதில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் அந்தக் கதை தெரியாது. என்னிடம்தான் சொல்லப்பட்டது. நான் அங்கே இல்லை.

அந்த செமஸ்டரில் ஒரு பாடத்திலும் தோற்றேன். மூன்று கிரெடிட் பாடம். மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டியதாகிவிட்டது, பி.டி.பி.டி.என் கடன் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும்போது. அப்போதுதான் கைப்பேசியில் திரை நேரம் எவ்வளவு என்று திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரி 6 மணி 40 நிமிடம். இன்ஜினியரிங் படிக்கிறவன் கணக்குப் போடாமல் இருப்பானா? 48 நாளுக்கு 320 மணி நேரம். நம்ம நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் உழைப்பு 40 மணி நேரம் என்பது கணக்கு. அதாவது விரதம் இருந்த அதே 48 நாளில் நான் எட்டு கிரெடிட் அளவுக்குத் திரையைப் படித்திருக்கிறேன்! மூன்று கிரெடிட்டில்தான் தோற்றேன்.

திருந்தப் பார்த்தேன். எளிமையாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்தேன் (அதுவும் ராத்திரி இரண்டு மணி வரைக்கும்). 39 ரிங்கிட்டுக்கு அழகான திட்டப் புத்தகம் வாங்கினேன். ஐந்து பக்கம் எழுதியிருப்பேன். நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஆப் மூன்று போட்டேன். எளிமைக்காக நான் சேர்த்த பொருட்களே ஒரு மூட்டை இருக்கும்.

பிறகு எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைத்தேன். இங்கேதான் ஒரு உண்மை தெரிந்தது. அதைச் சொல்ல லேபில் படித்த ஒரு விஷயம் வேணும். ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்கு வெளியில் நடப்பது தெரிய இரண்டு வழி உண்டு. ஒன்று, பட்டனை அழுத்தினால் அதுவே வந்து கூப்பிடும். இதற்கு இன்டரப்ட் என்று பேர். கூப்பிட்டதும் சிப் தான் செய்துகொண்டிருந்த வேலையை எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கும், முடிந்ததும் சரியாக அதே இடத்துக்குத் திரும்பி வரும். மனிதன் அப்படித் திரும்பி வருவதில்லை, அது வேற விஷயம். இன்னொரு வழி போலிங். பட்டன் கூப்பிடாது. சிப்தான் சும்மா சும்மா போய் "அழுத்திட்டாங்களா, அழுத்திட்டாங்களா" என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

நோட்டிஃபிகேஷனை அணைத்ததால் இன்டரப்ட் நின்றது. ஆனால் நான் போலிங்குக்கு மாறிவிட்டேன்! எதுவும் வரவில்லை என்று தெரிந்தே எடுத்து எடுத்துப் பார்த்தேன். லிஃப்டில், சிக்னல் லைட்டில், சோறு வேகும் வரைக்கும். கோளாறு கைப்பேசிக்கு உள்ளே மட்டும் இல்லை.

அப்புறம்தான் நம்ம வழக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறதே என்று தோன்றியது. பூஜைக்கு முன்னால் குருக்கள் சொல்லும் சங்கல்பத்தை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம், கவனித்ததில்லை. அதில் வேண்டுதல் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் எந்த யுகம், எந்த நிலம், அறுபது வருடங்களில் எந்த வருடம், எந்த அயனம், எந்த ருது, மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் வரும். பிறகு செய்கிறவர் யார். அதுக்கப்புறம்தான் எதற்காக என்பது. "இனிமேல் நல்லவனா இருப்பேன்" என்று யாரும் சங்கல்பம் செய்வதில்லை. இந்த நேரத்தில், இந்த இடத்தில், இன்னார், இன்ன காரியம். அவ்வளவு துல்லியம். காப்பு கட்டும் நாளும் தெரியும், அவிழ்க்கும் நாளும் தெரியும். என் திட்டங்கள் எல்லாம் தோற்றதற்குக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். எனக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது, "குறைச்சுக்கணும்" என்ற ஆசை மட்டும்தான். ஒவ்வொரு முறை கை நீளும்போதும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. களைப்பாக இருக்கும்போது எடுக்கிற முடிவு எப்படி இருக்கும், உங்களுக்கே தெரியும்.

விரதம் இருக்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மாமாக் கடையில் கோழியைப் பார்க்கும்போது அவர் யோசிப்பதில்லை. முதல் நாளே முடிவாகிவிட்டது.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11. முந்தைய டிசம்பர் 26, வியாழக்கிழமை தொடங்கினேன். குரோதி வருடம், தட்சிணாயனம், ஹேமந்த ருது, மார்கழி 11, தேய்பிறை ஏகாதசி. சாமி மேடை முன்னால் நின்று தமிழிலேயே சொன்னேன்: இந்த நாளிலிருந்து 48 நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு வரைக்கும் கைப்பேசியைத் தொடமாட்டேன், சாப்பிடும்போது தொடமாட்டேன், பாட்டியின் முன்னால் தொடமாட்டேன். மூன்றே மூன்று. ஹாஸ்டலில் ஒரு காலி மைலோ டின் இருந்தது. ஒன்பது மணிக்குக் கைப்பேசி அதற்குள் போய்விடும். பாசார் மாலாமில் 12 ரிங்கிட்டுக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்ற என் சாக்கு 12 ரிங்கிட்டோடு போனது.

சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் வாரம் கை அரித்தது. ஒன்பதாம் நாள் குரூப் அசைன்மென்ட்டுக்காக டின்னைத் திறந்து, அசைன்மென்ட் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் மூடவில்லை. அன்றைக்கு விரதம் போச்சு என்று விட்டுவிடத் தோன்றியது. அம்மாதான், "தெரியாம முட்டை சாப்பிட்டா மாலையைக் கழட்டிடுவியா? மன்னிப்புக் கேட்டுட்டுத் தொடர வேண்டியதுதானே" என்றாங்க. தொடர்ந்தேன். கடைசி வாரத்தில் திரை நேரம் இரண்டரை மணிக்கு வந்திருந்தது. தோற்ற பாடத்தை பி-யில் முடித்தேன். ஏ இல்லை.

உபவாசம் என்ற சொல்லைக் கவனியுங்க. உப என்றால் அருகில், வாசம் என்றால் இருத்தல். பட்டினி என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் நேரடியாக இல்லவே இல்லை. அருகில் இருப்பதற்கு இடைஞ்சலாக இருப்பதை ஒதுக்குகிறோம், அதில் சோறும் ஒன்று. முதல் வருடம் நான் சோற்றை ஒதுக்கினேன், பாட்டியின் அருகிலேயே படுத்திருந்தேன், ஆனாலும் அருகில் இல்லை.

48 நாள் எல்லாருக்கும் முடியாது. வேலைக்குப் போகிறவங்க, ஷிப்ட் செய்கிறவங்க இருக்கீங்க. ஏகாதசி மாதம் இரண்டு முறை வருது. அந்த ஒரு நாளை எடுத்துப் பாருங்க. தேதியைச் சொல்லி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரைக்கும் என்று சொல்லி, எதற்காக என்றும் சொல்லி. வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லுங்க. மனசுக்குள் சொன்னதை மனசே மாற்றிவிடும். அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்க திரை நேரக் கணக்கையும் எடுத்துட்டு வாங்க. யாருடைய எண்ணையும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. 6 மணி 40-ஐ நானே முதலில் எழுதிக் காட்டிவிட்டேன்.

என் 48 நாள் முடிந்தும் மூன்றாவது வாக்கை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரம்பானில் வீட்டுக்குப் போகிறேன். டின்னும் பையில் கூடவே வரும். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சாமி மேடையைத் துடைப்பேன். போன மாதம் வேலைக் கையில் கொடுத்து, "இது யார் குடுத்தது பாட்டி?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாங்க. "மோட்டார்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "மழை."

அந்தத் திட்டப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் இரண்டு சொல்லையும் எழுதி வைத்திருக்கிறேன்.