ஷார்ஜா டிக்கெட்டின் விலைக்குள் இருக்கும் இயற்பியல்

திருச்சி கே.கே. நகரில் வசிப்பவர்களுக்கு விமானத்தின் ஓசை புதிதன்று. விமான நிலையம் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் விமானங்கள் பலவற்றில் செல்வோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் பிழைப்புக்காகச் செல்பவர்களே அதிகம். உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். உங்கள் வீடாகவே அது இருக்கலாம்.

“அப்பா பொங்கலுக்கு வர வேண்டும், கொஞ்சம் மலிவாக டிக்கெட் இருக்கிறதா என்று பார்” என்று வீட்டில் பெரும்பாலும் யாரிடம் சொல்கிறார்கள்? பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம்தான். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அப்பாவின் வருகை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. ஆகவே இந்தக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்திருப்பது மிகவும் பயனுள்ளது. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள கணிதமும் இயற்பியலும் இதற்குப் போதும்.

முதலில் தூரம்

திருச்சி ஏறத்தாழ 10.8° வட அட்சரேகையிலும் 78.7° கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. ஷார்ஜா 25.3° வடக்கு, 55.5° கிழக்கு. பூமியில் ஒரு டிகிரி அட்சம் சுமார் 111 கிலோமீட்டர். எனவே ஷார்ஜா நமக்கு வடக்கே 14.5 × 111 = சுமார் 1,610 கி.மீ. தள்ளி இருக்கிறது.

மேற்கே எவ்வளவு? தீர்க்கரேகை வித்தியாசம் 23.2°. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதால், இரு ஊர்களின் சராசரி அட்சமாகிய 18°-இன் கொசைன் மதிப்பால் (0.951) பெருக்க வேண்டும். 23.2 × 111 × 0.951 = சுமார் 2,449 கி.மீ.

இனிப் பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள். 1,610-இன் வர்க்கத்தையும் 2,449-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,930 கி.மீ. கிடைக்கிறது. கோள முக்கோணவியலின்படி முறையாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ இதே விடைதான் வரும்.

இதே முறையில் கொழும்பு வழியாகச் செல்லும் பாதையை அளந்து பார்த்தால் சுமார் 3,700 கி.மீ. ஆகிறது. நேர்ப்பாதையைவிடக் கால் பங்குக்கும் சற்று அதிகம். இருந்தும் சில நாட்களில் சுற்றுப்பாதை டிக்கெட் நேர்ப்பாதை டிக்கெட்டைவிட மலிவாகக் கிடைக்கிறது. இது எப்படி? விடை காண எரிபொருளைக் கவனிப்போம்.

எரிபொருள் எவ்வளவு?

இத்தடத்தில் பறக்கும் போயிங் 737 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 2.5 டன் எரிபொருளை எரிக்கிறது. பயணம் சுமார் 4 மணி நேரம். ஆக மொத்தம் 10 டன். விமான எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.8 கிலோகிராம் ஆகையால் இது 12,500 லிட்டர். விமானத்தில் 186 இருக்கைகள் என்று கொண்டால் ஓர் இருக்கையின் பங்கு 67 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,360 ரூபாய்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி மறைந்திருக்கிறது. 186 பேர் ஏறினாலும் 93 பேர் ஏறினாலும் விமானம் எரிக்கும் எரிபொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. விமானத்தின் சொந்த எடைதான் பெரும்பங்கு. ஆனால் 93 பேர் மட்டும் ஏறினால் ஒருவரின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். புறப்பட்டுவிட்ட விமானத்தின் காலி இருக்கையை அடுத்த நாள் விற்க முடியாது. ஆகவே காலியாகப் போவதைவிடக் குறைந்த விலைக்காவது விற்றுவிடுவது நிறுவனத்துக்கு இலாபம். சுற்றுப்பாதை டிக்கெட் சில நாட்களில் மலிவாவதன் இரகசியம் இதுதான். எரிபொருள் விலையின் அடித்தளத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் எழும் மாடிகளைக் கட்டுவது இருக்கைகளுக்கு உள்ள தேவை.

கூட்டம் எந்தத் திசையில்?

தீபாவளிக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் பேருந்தில் நிற்கவும் இடம் இராது. அதே பேருந்து சென்னைக்குத் திரும்பும்போது பாதி காலியாக ஓடும். வளைகுடா விமானங்களும் அப்படித்தான். அமீரகத்தின் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கோடை விடுமுறை. விடுமுறை தொடங்கும்போது அங்கிருந்து இங்கே வரும் விமானங்கள் நிரம்பி விலை ஏறும். ஆகஸ்டு இறுதியில் இங்கிருந்து அங்கே செல்லும் விமானங்கள் நிரம்பும். பெருநாள், பொங்கல், தீபாவளி ஆகியவற்றை ஒட்டியும் இவ்வாறே நிகழும். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்பவருக்கு விலை குறைவு. தேதியைச் சில நாட்கள் நகர்த்த முடிந்தவருக்கும் அப்படியே.

ஒரே விமானத்தில் எல்லா இருக்கைகளும் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். விலைகள் படிக்கட்டுகளைப் போல அமைந்துள்ளன. கீழ்ப்படியில் உள்ள சில இருக்கைகள் முதலில் விற்றுத் தீரும். பிறகு அடுத்த படி. நால்வருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் இரண்டே இருக்கைகள் மிஞ்சியிருந்தால், கணினி நால்வருக்கும் மேற்படி விலையையே காட்டக்கூடும். எனவே ஒருவருக்கு, இருவருக்கு, நால்வருக்கு என்று தனித்தனியே தேடிப் பார்ப்பது நல்லது.

எடையும் விலையும்

விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோ சுமையையும் தூக்கிச் செல்ல, அதன் எடையில் மணிக்கு ஏறத்தாழ 3 சதவீத அளவு எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. 30 கிலோ பெட்டிக்கு 4 மணி நேரத்தில் 3.6 கிலோ, அதாவது 4.5 லிட்டர். நம் கணக்கின்படி 360 ரூபாய்தான். ஆனால் விமான நிலையத்தில் தராசில் நிறுத்தபின் கூடுதல் சுமைக்குக் கேட்கும் கட்டணம் இதைவிடப் பன்மடங்கு. மலிவாகத் தோன்றும் டிக்கெட்டில் கைப்பைக்கு மட்டுமே அனுமதி இருக்கலாம். சுமையையும் சேர்த்து வாங்கிய டிக்கெட் முடிவில் மலிவாக இருக்கலாம். ஒப்பிடுமுன் இரண்டிலும் ஒரே எடை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எடை எவ்வளவு முக்கியம் என்பதைத் திருச்சி மக்கள் 2024 அக்டோபர் 11 அன்று கண்டார்கள். அன்று மாலை 5.40 மணியளவில் சுமார் 140 பயணிகளுடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில், சக்கரங்களையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளையும் இயக்கும் நீரியல் அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. விமானம் உடனே இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டு, இரவு 8.15 மணியளவில் பத்திரமாக இறங்கியது. ஏன் வட்டமிட்டது? நான்கு மணி நேரப் பயணத்துக்கான எரிபொருள் நிரம்பியிருந்தது. இறங்கும் விமானத்தின் இயக்க ஆற்றல் ½mv². அந்த ஆற்றலின் பெரும்பகுதியைத் தடைகள் உறிஞ்ச வேண்டும். m குறைந்தால் ஆற்றல் குறையும். 737 வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் அமைப்பு இல்லை. எனவே எரித்துத் தீர்ப்பது ஒன்றே வழி. நாம் மேலே கண்ட விகிதப்படி அன்று எரிந்தது சுமார் 6 டன்!

வெயிலும் காற்றும்

பாலைவன நகருக்குச் செல்லும் விமானங்களில் பல, இரவிலும் விடியற்காலையிலும் ஏன் பறக்கின்றன? இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் வெப்பமும் ஒன்று. காற்றின் அழுத்தம் மாறாதபோது அதன் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 15°C (288 K) வெப்பநிலையோடு ஒப்பிட்டால் 45°C-இல் (318 K) அடர்த்தி 288/318, அதாவது சுமார் 0.906 மடங்கு. இறக்கையின் தூக்குவிசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அடர்த்தி 9 சதவீதம் குறைந்தால், அதே எடையைத் தூக்க வேகம் 5 சதவீதம் கூட வேண்டும். முடுக்கம் மாறாவிட்டாலும் ஓடுபாதையில் 10 சதவீதம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். கடும் வெப்பத்தில் என்ஜினின் உந்துவிசையும் குறைவதால் உண்மையில் தேவைப்படும் தூரம் இன்னும் அதிகம்.

துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் 4 கி.மீ.க்கும் அதிக நீளம். திருச்சியின் ஓடுபாதை சுமார் 2.5 கி.மீ. நீளமுள்ளது. ஓடுபாதை போதாதபோது எடையைக் குறைப்பது அல்லது குளிர்ந்த நேரத்துக்குக் காத்திருப்பது என்ற இரண்டு வழிகளே உண்டு. 2017 ஜூன் மாதம் அமெரிக்காவின் பாலைவன நகரமாகிய ஃபீனிக்ஸில் வெப்பநிலை 48°C-ஐத் தாண்டியபோது, சிறிய விமானங்களின் பயணங்கள் பல ரத்து செய்யப்பட்டன.

காற்றும் கணக்கில் உண்டு. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்மட்டக் காற்றோட்டம் தெற்கே இறங்கி வருகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 830 கி.மீ., காற்றின் வேகம் 60 கி.மீ. என்று கொள்வோம். போகும்போது எதிர்க்காற்று: 2,930 ÷ 770 = 3 மணி 48 நிமிடம். வரும்போது பின்காற்று: 2,930 ÷ 890 = 3 மணி 18 நிமிடம். அரை மணி வித்தியாசம்! எரிபொருளில் ஒன்றேகால் டன்.

கடிகாரத்தில் கவனம்

இந்திய நேரம் 82.5° தீர்க்கரேகையை ஒட்டியது. அமீரக நேரம் 60°-ஐ ஒட்டியது. வித்தியாசம் 22.5°. பூமி மணிக்கு 15° சுழல்வதால் இது ஒன்றரை மணி நேரம். நான்கு மணி நேரப் பயணம் அட்டவணையில் போகும்போது இரண்டரை மணியாகவும் வரும்போது ஐந்தரை மணியாகவும் தோன்றும். இரண்டும் பயண நேரம் அல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. டிக்கெட்டில் “ஜூன் 10, 00.30” என்று இருந்தால், 9-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். 10-ஆம் தேதி இரவு போனால் விமானம் அன்று அதிகாலையிலேயே போயிருக்கும். டிக்கெட் பணமும் அதோடு போகக்கூடும்.

முடிவான சூத்திரம்

மொத்தச் செலவு = டிக்கெட் + சுமைக் கட்டணம் + வழிச்செலவு + இழந்த நாளின் கூலி.

சென்னையிலிருந்து டிக்கெட் 2,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து சென்னைக்கு 300 கி.மீ.க்கு மேல். வழியனுப்ப இருவர் உடன் சென்றால் போக்குவரத்தும் உணவும் அந்த 2,000 ரூபாயை விழுங்கிவிடலாம். தனியாகச் செல்பவருக்கு அது உண்மையான இலாபமாகவே இருக்கலாம். விடை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு, சூத்திரம் ஒன்றே.

செய்து பாருங்கள்

1. சிங்கப்பூர் (1.4° வடக்கு, 104° கிழக்கு) திருச்சியிலிருந்து எவ்வளவு தூரம்? மேலே கண்ட முறையில் கணக்கிடுங்கள்.

2. 25°C இரவிலும் 40°C பகலிலும் காற்றின் அடர்த்திகளின் விகிதம் என்ன?

3. அடுத்த இரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு தேதிக்குரிய திருச்சி–ஷார்ஜா டிக்கெட்டின் விலையை நாள்தோறும் ஒரு மாதம் குறித்து வரைபடம் வரையுங்கள். விலை ஏறும் நாட்களையும் பண்டிகை, விடுமுறை நாட்களையும் ஒப்பிடுங்கள். அந்த வரைபடம் உங்கள் தெருவில் யாராவது ஒருவர் ஊருக்கு வந்து போக உதவும்.